தப்பு நோட்டில் ஒரு புதுப் பெயர்

அத்தியாயம் 14

சுந்தரலிங்கம் வாங்கி வந்த தகரப்பெட்டியை நடுக்கூடத்தில் இறக்கியதோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். பெட்டி இன்னும் அங்கேயேதான் கிடக்கிறது. பச்சைப் பெயின்ட், பித்தளைப் பூட்டு, மூடியில் வெள்ளை எழுத்தில் ‘சு. நதியா, பத்தாம் வகுப்பு’. அதன் அளவைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். நதியாவை உள்ளே படுக்க வைத்து மூடினாலும், பக்கத்தில் இன்னொரு நதியாவுக்குத் தலையணையோடு இடம் இருக்கும்.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. சுந்தரலிங்கம் காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டக்காரர். அவர் மனைவி உமாதேவி மூன்று வருடமாக மஸ்கட்டில் நர்ஸ். ஒரே மகள் நதியா. எல்லாப் பாடத்திலும் தொண்ணூறு, கணக்கில் மட்டும் நாற்பதைத் தாண்டாதவள். அவளுக்குக் கணக்கு சொல்லித்தர ஒன்றரை வருடமாகக் கம்பத்திலிருந்து டவுன் பஸ் ஏறி வருகிறவள் வேல்விழி டீச்சர். வெளியூர் ஹாஸ்டல் பள்ளிக்கூடம் ஒன்று பத்துக் கணக்குகளை அனுப்பிச் சோதித்துப் பார்த்ததில், நதியா சரியாகப் போட்டது நாலு. பரவாயில்லை, நாங்கள் தேற்றிவிடுகிறோம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள் சம்மதம் சொல்லுங்கள் என்றார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் இன்று.

சுந்தரலிங்கம் அவசரப்பட்டு முடிவெடுக்கிற ஆளில்லை. நல்ல டியூசன் டீச்சர் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று பத்து நாட்களாக ஊரெல்லாம் விசாரித்துவிட்டார். அடிக்கிற கை வேண்டும் என்றார் உரக்கடைக்காரர். சொல்லித்தருகிற சத்தம் தெருமுனை வரை கேட்க வேண்டும் என்றார்கள் லாரி செட்டில். டீ குடிக்கிற டீச்சர் உதவாது, ஒரு டம்ளர் டீக்கு நாலு பெருக்கல் நட்டம் என்றார் மாட்டு டாக்டர். அன்றைக்கு அவர் எதிரில் நின்ற மாட்டைத் தவிர ஊரில் எல்லாரும் கருத்துச் சொல்லிவிட்டார்கள்.

இந்தக் கணக்கில் பார்த்தால் வேல்விழி மூன்றிலும் தோற்றவள். கை ஓங்கியதில்லை. அவள் குரல் அடுத்த அறைக்கே கேட்காது. டீயோ, ஒன்றல்ல, இரண்டு டம்ளர்.

மத்தியானம் போன் வந்தபோது வேல்விழி கம்பத்தில் தன் மாடி அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மூணு மணிக்கு வந்துட்டுப் போங்க டீச்சர், பேசி முடிச்சுக்கிருவோம் என்றார் சுந்தரலிங்கம். அதில் ‘முடிச்சு’ என்ற சொல் மட்டும் தட்டிலேயே கிடந்தது.

அந்த அறையில் ஒரு நாற்காலிதான். இரண்டாவது நாற்காலி வாங்க வேண்டிய அவசியம் நாலு வருடமாக வரவில்லை. அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அண்ணன் திருப்பூரில்; தீபாவளிக்குத் தீபாவளி வாட்ஸப்பில் மத்தாப்புக் கொளுத்துவான். மற்றபடி வேல்விழிக்கு உறவு என்றால் ஆறு வீட்டுப் பிள்ளைகள்.

அதிலும் இந்தத் தொழிலில் ஒரு கொடுமை உண்டு. துணிக்கடைக்காரர் நன்றாக வியாபாரம் பார்த்தால் ஆள் திரும்ப வரும். டியூசன் டீச்சர் நன்றாகச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைக்குக் கணக்கு வந்துவிடும், டீச்சரைப் போகச் சொல்லிவிடுவார்கள். எவ்வளவு கெட்டிக்காரத்தனமோ அவ்வளவு சீக்கிரம் செருப்பை மாட்ட வேண்டியதுதான். வேல்விழி இதுவரை முப்பத்தொரு வீட்டு வாசலில் அப்படிச் செருப்பு மாட்டியிருக்கிறாள். வாசலில் நின்று கையாட்டுகிற பிள்ளை உள்ளே திரும்பியதும் டிவி சத்தம் கேட்கும். அதைக் கேட்டபடியே நடக்கப் பழகியிருந்தாள்.

வெளியே ஜூன் மாதக் காற்று. நம் பள்ளத்தாக்குக் காற்றைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: கம்பத்தில் காயப்போட்ட வேட்டியைச் சுருளிப்பட்டியில் போய்ப் பொறுக்கிக்கொள்ளலாம், அதுவும் மடித்தே கிடக்கும். வேல்விழி சேலை முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள்.

அதற்குத் தப்பு நோட்டு என்று பெயர். மற்ற டீச்சர்கள் மார்க்கை எழுதி வைப்பார்கள். இவள் தப்புகளை எழுதி வைப்பாள். எந்தத் தேதியில், எந்தக் கணக்கில், எந்த வரியில் பிள்ளை வழுக்கி விழுந்தது என்று ஆளுக்குப் பத்துப் பக்கம். ஒவ்வொரு பிள்ளையின் தப்புக்கும் ஒரு நடை இருக்கிறது என்பது அவள் கண்ட உண்மை. கூடலூர்ப் பையனுக்கு மைனஸ் குறி கண்ணில் படாது. லாரி போல எதிரே வந்தாலும் போய் இடித்துக்கொள்வான். புதுப்பட்டிப் பெண், ஏழெட்டு ஐம்பத்து நாலு என்று மூன்று வருடமாகச் சத்தியம் செய்கிறாள். ஒரே தப்பு திரும்பத் திரும்ப வரும். அந்த இடத்தைப் பிடித்துவிட்டால் பாதிக் கணக்கு வந்த மாதிரி.

நதியாவின் பக்கங்களைப் பிரித்தாள். நாற்பத்து மூன்று தப்புகள். ஒன்றுக்கொன்று ஒட்டுமில்லை உறவுமில்லை. திங்கட்கிழமை விழுந்த குழியில் செவ்வாய்க்கிழமை விழவே இல்லை. புதிதாக ஒரு குழி பார்த்து விழுந்திருக்கிறாள். அப்படி விழுகிற பிள்ளை உலகத்தில் கிடையாது.

பிப்ரவரி பதினொன்றாம் தேதிக்கு வந்ததும் விரல் நின்றது. மூன்று பக்கமும் பதிமூன்று, பதினாலு, பதினைந்து உள்ள முக்கோணத்தின் பரப்பு. நதியாவின் விடை நாற்பத்தெட்டு. அன்றைக்கு நதியாவின் கணக்கு நோட்டைச் சாய்த்துப் பிடித்தபோது, ரப்பர் வைத்து அழித்த தடத்தில் எண்பத்து நாலு தெரிந்தது. சரியான விடையைப் போட்டு, அழித்து, அதையே தலைகீழாகத் திருப்பி எழுதியிருக்கிறாள்.

அன்றைக்கே கேட்டிருக்கலாம். அந்த நேரம் பார்த்து நதியா டீ கொண்டுவந்தாள். ஏலக்காயை ஒன்றுக்கு நாலாய்த் தட்டிப்போட்ட டீ. டீச்சர், இன்னைக்குச் சீக்கிரம் போயிராதீக, கரண்டு வேற இல்ல என்றாள். வேல்விழி நோட்டை மூடிவிட்டாள். அந்த விஷயத்தையும் நாலு மாதமாக மூடியே வைத்திருந்தாள்.

இப்போது ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, நாற்பத்து மூன்றிலிருந்து பத்துத் தப்புகளை இடது கையால் எழுதத் தொடங்கினாள். நம் டவுன் பஸ் குலுக்கிய குலுக்கலில் அட்சர சுத்தமாக ஒரு மக்குப் பையன் கையெழுத்து வந்து சேர்ந்தது. மேலே ‘மாரிசெல்வம், உத்தமபாளையம்’ என்று ஒரு பெயரையும் போட்டாள்.

சுந்தரலிங்கத்தின் வீடு மூன்று வருடத்துக்கு முன் கட்டியது. நாலு படுக்கையறை. மூன்றின் கதவுகளைத் திறந்தே ஒரு வருடமிருக்கும். கூடத்தில் நின்று தும்மினால் எதிரொலி மாடிக்குப் போய், குளித்து, சாப்பிட்டுவிட்டுத்தான் இறங்கி வரும். விடிகாலையில் தோட்டத்துக்குப் போகிற அப்பா, லாரி ஏற்றிவிட்டு வர ராத்திரியாகிவிடும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததிலிருந்து அதுவரை, டீச்சர் வந்து போகிற நேரம் தவிர, வீட்டில் பேசுகிற ஒரே ஜீவன் பிரஷர் குக்கர்தான்.

சுந்தரலிங்கம் பெட்டிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். உமாதேவியும் கேட்கட்டும் என்று வீடியோ காலில் போட்டு, போனைப் பித்தளைப் பூட்டின்மேல் சாய்த்து வைத்திருந்தார். திரையில் நர்ஸ் உடையோடு உமாதேவி, பின்னால் மஸ்கட் வெயில். நதியா சுவரோரமாக நின்றாள்.

அவர் கோபமாகப் பேசவில்லை. ஒன்றரை வருடம் வந்தீர்கள், குறை சொல்ல மாட்டேன், ஆனால் மார்க் ஏறவில்லையே என்றார். பிறகு தனக்குத் தெரிந்த பாஷையில் சொன்னார்.

“கொடிய வெட்டாம விட்டா இலையாத்தான் வரும் டீச்சர், காய் வராது. கவாத்துப் போட்டுத்தான் ஆகணும். ஒரு வருசம் வீட்டை விட்டு வெட்டி விட்டா தளிர்த்து வந்துருவா.”

நதியா பெட்டியைப் பார்த்தாள். பிறகு வேல்விழியைப் பார்த்தாள்.

அரை மணி நேரம் கொடுங்கள் என்று கேட்டாள் வேல்விழி. கொடுத்தார். அவள் நதியாவைச் சோதிக்கவில்லை. சிவப்புப் பேனாவைக் கையில் கொடுத்தாள்.

“உத்தமபாளையத்துல மாரிசெல்வம்னு ஒரு பையன். உன் செட்டுதான். வீட்ல ஆளில்ல, கேக்க நாதியில்ல. இந்தத் தாள நாளைக்கு அவங்கிட்டக் குடுக்கணும். எனக்குக் கண்ணு எரியுது, நீ திருத்திக் குடு பாப்போம்.”

நதியா தரையில் உட்கார்ந்தாள். ஜன்னல் கதவு அடித்ததில் போன் பூட்டிலிருந்து நழுவி, பெட்டி மூடியில் மல்லாந்து விழுந்தது. யாரும் கவனிக்கவில்லை.

முதல் கணக்கில் கூட்டினால் ஏழு, பெருக்கினால் பன்னிரண்டு வர வேண்டிய இடத்தில் குறி மாறியிருந்தது. நதியா சுழித்து, ‘பெருக்கினால் சரி, கூட்டிப் பார்த்தாயா?’ என்று ஓரத்தில் எழுதினாள். இரண்டாவதில் பத்து எண்களுக்குச் சராசரி கேட்டால் ஒன்பதால் வகுத்திருந்தது. ‘ஒரு ஆளை விட்டுவிட்டாய், பாவம்’ என்று எழுதினாள். மூன்று, நாலு, ஐந்து. திராட்சைக் கொத்து வெட்டுகிற கைபோலப் பேனா போய்க்கொண்டிருந்தது. சுந்தரலிங்கம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர்தான். ஆனால் வேலை தெரிந்த கை எது, தெரியாத கை எது என்பது அவருக்குத் தெரியும்.

ஏழாவது கணக்கை முடித்தபோது நதியாவுக்கு அந்தப் பையன்மேல் இரக்கம் வந்துவிட்டது போலிருக்கிறது. கணக்குக்குச் சம்பந்தமே இல்லாமல் தாளின் ஓரத்தில் இரண்டு வரி எழுதினாள். சுந்தரலிங்கம் எட்டிப் பார்த்து உதடு அசைய வாசித்தார்.

‘வீட்டில் யாரும் இல்லாவிட்டால் சத்தம் போட்டுப் படி. நம் குரல் நமக்குத் துணையாக இருக்கும்.’

எட்டாவது கணக்கு: பதிமூன்று, பதினாலு, பதினைந்து. விடை நாற்பத்தெட்டு.

பேனா நின்றது.

நதியாவின் காது நுனி சிவந்தது. தாளை முதலிலிருந்து ஒருமுறை மேய்ந்தாள். தன் பிள்ளைகளை அடையாளம் கண்டுகொண்ட தாயைப் போல அவளுக்கு ஒவ்வொன்றும் தெரிந்துவிட்டது.

“எம்புட்டு வரும் நதியா?” என்றாள் வேல்விழி.

“எண்பத்து நாலு.”

“நாப்பத்தெட்டுன்னு போட்டது யாரு?”

காற்று ஒருமுறை வீட்டைச் சுற்றி வந்தது.

“நாந்தான் டீச்சர்.”

சுந்தரலிங்கத்துக்கு விளங்கவில்லை. யாரு இந்த மாரிசெல்வம் என்று கேட்டார். அப்படி ஒருவன் இல்லை, இதெல்லாம் உங்கள் மகள் ஒன்றரை வருடமாகப் போட்ட தப்புகள் என்று வேல்விழி விளக்கினாள்.

“தெரியாத புள்ள தப்பாப் போடும்ணே. தெரிஞ்ச புள்ளதான் இம்புட்டுச் சுத்தமாத் தப்பாப் போட முடியும்.”

அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். ஏன் ஆத்தா என்று கேட்டார். இரண்டாவது முறை கேட்டார். மூன்றாவது முறை கேட்கும்போது குரல் இறங்கிவிட்டது. நதியா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“எட்டாவதுல இங்கிலீஷ்ல நூத்துக்கு நூறு எடுத்தேன்ல. மறுநாளே இங்கிலீஷ் டீச்சர நிப்பாட்டிட்டீக. இனிமே எதுக்கு, நல்லாத்தான் வந்துருச்சேன்னீக. அவுக போனப்பறம், இவுக வர்ற வரைக்கும் சாயங்காலம் யாருமே வரலப்பா. கணக்கும் வந்துருச்சுன்னா இவுகளும் போயிருவாகல்ல.”

மூன்று ஏக்கர் பந்தலில் ஒரே ஓர் இலை வாடினாலும் ரோட்டிலிருந்தே கண்டுபிடிக்கிற மனிதர் அவர். அந்த இலைக்கு மருந்தடித்து, இருமுறை திரும்பப் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் தூங்குவார். இப்போது தன் கூடத்துத் தரையில் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பெட்டிமேல் எழுதியிருந்த பெயரைத் தடவிக்கொண்டிருந்தார்.

இத்தோடு வேல்விழி பேசாமல் இருந்திருந்தால் அவள் ஜெயித்த மாதிரிதான். ஊரில் அவளைப் போல டீச்சர் உண்டா என்று உரக்கடைக்காரரே மாலை போட்டிருப்பார். அவள் பேசினாள்.

“எனக்கு பிப்ரவரியிலயே தெரியும்ணே.”

சுந்தரலிங்கம் நிமிர்ந்தார். “தெரிஞ்சுமா சொல்லல?”

“சொல்லல. நாலரைக்கு நான் வாரேன்னு ஒரு ஆளு கேட்டத் தொறந்து வச்சுக்கிட்டு நிக்கிது. அது எனக்கு வேற எங்கன இருக்கு? சொன்னா அது போயிருமேன்னு பேசாம இருந்துட்டேன். அதனாலதான் இந்தப் பெட்டி இங்கன வந்து கெடக்கு.”

அப்போதுதான் பெட்டி மூடியில் மல்லாந்து கிடந்த போன் அவர் கண்ணில் பட்டது. எடுத்துப் பார்த்தார். திரையில் உமாதேவி முகத்தை ஒரு கையால் மூடியிருந்தாள். அரை மணி நேரமாக அவள் கண்ணுக்குத் தெரிந்தது மின்விசிறி மட்டும்தான். காதுக்கு எல்லாமே கேட்டிருக்கிறது. அவர் உமா என்று கூப்பிட்டார். இணைப்பு துண்டிக்கப்பட்டது.

ஐந்து மணி சுமாருக்கு ஹாஸ்டல் பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டு, சீட்டு வேண்டாம் என்றார். ஏன் என்று கேட்டதற்கு, பெட்டி சரியில்லை என்றார். அவருக்கு வந்தது அவ்வளவுதான்.

பிறகு வேல்விழியிடம் வந்து நின்றார். சொல்வதற்கு முன் வேட்டியை இரண்டு முறை அவிழ்த்துக் கட்டினார்.

“நாளையில இருந்து வர வேண்டாம் டீச்சர். கோவமெல்லாம் இல்ல. சொல்லித்தர ஒண்ணும் மிச்சமில்லையே. அதோட, ஒருக்கா மறைச்சவுகள மறுக்கா நம்ப மனசு ஒப்ப மாட்டேங்குது.”

சரிதான் என்று அவள் தலையசைத்தாள். உண்மையாகவே அது சரியென்றுதான் அவளுக்கும் பட்டது.

நதியா அழவில்லை. உள்ளே போய் டீ போட்டுக்கொண்டு வந்தாள். இரண்டு டம்ளர். வேல்விழி இரண்டையும் கடைசிச் சொட்டு வரை குடித்தாள். அந்த டீயைக் குடிக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் மாட்டு டாக்டர் கணக்குப்படி நாலாயிரம் பெருக்கல் போட்டிருக்கலாம்.

கேட்டு வரைக்கும் நதியா வந்தாள்.

“மாரிசெல்வம்னு நெசமாவே யாரும் இல்லையா டீச்சர்?”

“இல்ல.”

“அப்ப, வீட்ல ஆளில்ல, கேக்க நாதியில்லன்னு சொன்னீகளே, அது?”

வேல்விழி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். “அது மட்டும் நெசந்தான்” என்றாள்.

நடந்தாள். முப்பத்திரண்டாவது வாசல். வழக்கமாகக் கேட்கிற டிவி சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டே நடந்தாள். கேட்கவில்லை. தெருமுனை திரும்பும்வரை கேட்டை மூடுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை.

பஸ் ஸ்டாப்பில் யாருமில்லை. தென்னந்தோப்புக்கு அந்தப் பக்கம் மேகம் மலையைப் பாதி விழுங்கியிருந்தது. காற்றுக்குப் பக்கங்கள் பறக்காமல் நோட்டை முழங்காலால் அமுக்கிக்கொண்டு, நதியாவின் கடைசிப் பக்கத்தைத் தேடி, கீழே ஒரு கோடு இழுத்தாள். கோட்டுக்குக் கீழே, பிள்ளைகளின் பெயர் எழுதுகிற இடத்தில், தன் பெயரை எழுதினாள்.

‘வேல்விழி. பிப்ரவரி 11 முதல். தெரிந்தும் சொல்லாதது.’

ஒரே தப்பு திரும்பத் திரும்ப வரும், அந்த இடத்தைப் பிடித்துவிட்டால் பாதிக் கணக்கு வந்த மாதிரி என்று எல்லாப் பெற்றோரிடமும் சொல்கிறவள். தன் இடத்தைப் பிடித்துவிட்டோம் என்று நினைத்தாள். மனது கொஞ்சம் லேசான மாதிரிகூட இருந்தது.

போன் அடித்தது. நீளமான வெளிநாட்டு எண்.

ஒன்றரை வருடத்தில் உமாதேவி அவளை அழைத்ததே இல்லை. வேல்விழி காதில் வைத்தாள்.

“டீச்சர், நான் உமா. வேலைய விடுறேன்னு எழுதிக் குடுத்துட்டேன். இன்னைக்கு இல்ல, ஒரு மாசமாச்சு. வெள்ளிக்கிழம மதுரையில வந்து எறங்குறேன். ஆனா வீட்டுக்கு வரல டீச்சர். ஏன்னு நேர்ல சொல்றேன். உங்க ரூம்ல ஒரு வாரம் எடம் குடுப்பீகளா?”

வேல்விழிக்கு ஏனோ அந்த ஒற்றை நாற்காலிதான் நினைவுக்கு வந்தது.

“அவுகளுக்கும் தெரியாது, நதியாவுக்கும் தெரியாது. உங்களுக்கு மட்டுந்தான் தெரியும். யாருக்கும் சொல்லிராதீக டீச்சர்.”

தூரத்தில் கம்பம் பஸ்ஸின் விளக்கு தெரிந்தது. முழங்காலுக்கு அடியில் நோட்டு இன்னும் திறந்தே இருந்தது. சற்று முன் எழுதிய வரியில் மை காயவில்லை.